பதினெட்டு நிறையாதவர்கள்

மேடான் அணிக்காரர்கள் தோற்றதை வாயை மூடிக்கொண்டு ஏற்றிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றுவிட்டு, மறுநாள் காலையிலேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பினாங்கு அணியில் மீசை மழித்த ஆம்பிள்ளைகள் சின்னப் பையன்கள் என்று சொல்லிக்கொண்டு விளையாடுகிறார்களாம்.

அந்தப் புகாரை ஜப்பான்காரர்களின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் புஷ்பராணி. மூன்று கோலில் இரண்டைப் போட்ட குலசேகரத்தின் அக்கா. சும்மா கிடந்த பிசாசை யாரோ கல்லெறிந்து எழுப்பிவிட்டது போல அவளுக்கு இருந்தது. மேடான்காரர்கள் சொன்னது உண்மை என்பது அந்த அலுவலகத்தில் அவளுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

அந்தக் கால்பந்துக் கோப்பை ஒன்றும் ஜப்பான்காரன் கண்டுபிடித்ததல்ல. சண்டைக்கு முன்னால் கப்பல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கியது. பினாங்கு, சுமத்ராவின் மேடான், சயாமின் சிங்கோரா என்று மூன்று ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு வருடம் மற்றவர் ஊருக்குக் கப்பலேறிப் போய்ப் பந்து விளையாடுவார்கள். பதினெட்டு நிறையாதவர்கள்தான் ஆடலாம் என்ற விதி அன்றே உண்டு. அதை யார் பார்த்தார்கள்! சிங்கோராக்காரர்கள் ஒரு தடவை கல்யாணமானவனையே கோல்காப்பாளனாக நிறுத்தினார்கள், எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். இப்போது ஊர் ஜப்பான்காரன் கையில்; வருடம் 1943, ஜப்பான் கணக்கில் 2603. கோப்பைக்குப் புதுப் பெயர் வைத்து, கொடியும் நட்டு, அதே விளையாட்டை மறுபடி தொடங்கியிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி குட்டையான ஆள், தங்கப் பல்காரர். உடைந்த மலாயில் பேசுவார். புகாரைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு எல்லா ஆட்டக்காரர்களும் பிறந்த தேதிக்குத் தாளோடு வரவேண்டும். பதினெட்டைத் தாண்டியவன் அங்கிருந்தே லோரியில் ஏறவேண்டும். பிள்ளைகளோடு விளையாட நேரமிருக்கிற ஆம்பிள்ளைக்குச் சயாமில் ரயில் பாதை போட வேலை காத்திருக்கிறது என்றார். தலைமை எழுத்தர் ஷேக் அலாவுதீன் அதைத் தமிழில் சொன்னார். அக்கரையிலுள்ள பிறை நிலையத்தில் ரயிலேறிச் சயாமுக்குப் போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

குலசேகரத்துக்கு வயது பத்தொன்பது. பள்ளிக்கூடத்துத் தாளில் பதினேழு. துறைமுக எழுத்தராக இருந்த அப்பா விநாசித்தம்பி செய்த வேலை அது. பிரசவத்துக்கு அம்மா யாழ்ப்பாணம் போயிருந்ததால் பினாங்கில் பிறப்புப் பதிவு கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா இரண்டு வயதைக் குறைத்துச் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டார். பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்குப் போனால் இரண்டு வருடம் கூடுதலாகச் சம்பளம் வாங்கலாம் அல்லவா? யாழ்ப்பாணத்து எழுத்தர்மார் வீடுகளில் இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. பிள்ளைக்குப் பல் முளைப்பது போல, வயது குறைவதும் இயல்பாக நடக்கும். அப்பா துறைமுகத்தில் குண்டு விழுந்த நாளில் போய்விட்டார். அவர் குறைத்து வைத்த இரண்டு வருடம் மட்டும் மிச்சம்.

ஆனால் உண்மையான தேதியும் ஓர் இடத்தில் இருந்தது. குலசேகரத்தின் சாதகம், சாமிப் படத்துக்குப் பின்னால்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், மரவள்ளிக்கிழங்கு அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது, புஷ்பராணி அதை எடுத்து வந்தாள்.

"அடுப்பிலை போடுங்கோ அம்மா. வீட்டைச் சோதிக்க வந்தால் எல்லாரும் துலைஞ்சம்."

அம்மா கமலாம்பிகை அதைப் பறித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "விசர்க்கதை கதையாதை பிள்ளை. செத்தவையின்ர சாதகத்தைத்தான் எரிக்கிறது. கொப்பர் போனாப்பிறகு அவரின்ரயை நான் என்ர கையாலை எரிச்சனான். இவன் உயிரோடை இருக்கேக்கை நெருப்பிலை போடுறதோ?"

"அப்ப என்ன செய்யிறது?"

"எங்கையாவது ஒளிச்சு வை. எரிக்க மாட்டன்."

குலசேகரம் மூலையில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். புஷ்பராணி அம்மாவிடமிருந்து தாளை வாங்கி மடிக்கப் போனபோதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அப்பாவின் குண்டுக் கையெழுத்து. பழனியப்பன் மகன் அர்ஜுனன், அட்சய வருடம் மாசி மாதம், 1927 பெப்ரவரி 16, காலை ஆறேகால். கீழே அப்பாவின் கையொப்பம்.

பழனியப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் பிறந்த அன்று அப்பாவிடம் ஓடிவந்து, மறந்துபோகும் முன் எழுதி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். அகப்பட்ட தாளின் பின்னால் அப்பா எழுதிவிட்டார். அந்த அர்ஜுனன்தான் இப்போது பினாங்கு அணியின் கோல்காப்பாளன். வயதுக்கு மீறிய வளர்த்தி, கதவு நிலையில் தலை இடிக்கும். குலசேகரத்தை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். புஷ்பராணி அப்போது அதைப் பற்றி வேறெதுவும் யோசிக்கவில்லை. தம்பியைத் தவிர அன்று அவள் தலையில் எதற்கும் இடமில்லை.

எதிரி தன் வீட்டிலேயே தேடமாட்டான் என்று நினைத்து, மறுநாள் காலை அலுவலகத்திலேயே தன் தட்டச்சு இயந்திரத்தின் அடியில், கம்பளி விரிப்புக்குக் கீழே சாதகத்தை வைத்தாள்.

பத்து மணிக்கு விசாரணை தொடங்கியது. பையன்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வாசலில் லோரி, இயந்திரத்தை நிறுத்தாமலேயே நின்றது. அதிகாரி ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார். ஒரு பையனின் தாளில் எச்சில் விரலை வைத்துத் தேய்த்தார். மை கரைந்தது. நேற்று இரவு எழுதிய தாள். கூட வந்திருந்த அப்பாவுக்குக் கன்னத்தில் விழுந்த அறையில் அவருடைய மூக்குக் கண்ணாடி புஷ்பராணியின் மேசைக்கடியில் வந்து விழுந்தது. பையனை லோரியில் ஏற்றினார்கள். பெயரையும் வயதையும் அவள் தட்டச்சு செய்தாள்.

அடுத்து குலசேகரம். காலையில் அம்மா இரண்டு தடவை சவரம் செய்யவைத்ததில் கன்னமெல்லாம் சிவந்திருந்தது. அதிகாரி தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"பழைய தாள்தான் துவான், முத்திரை சரியா இருக்கு," என்றார் ஷேக் அலாவுதீன் மலாயில். அவருக்கும் யாழ்ப்பாணத்து வயசுக் கணக்கெல்லாம் தெரியும். ஆனாலும் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டார்.

அதிகாரி தலையாட்டினார். புஷ்பராணி பதினேழு என்று தட்டினாள். கண் நிறைந்துவிட்டது. கதிர்காமத்து முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டாள்.

கடைசியாக அர்ஜுனன். பிறப்பைப் பதியாததால் அவனிடம் தாள் இல்லை. அதிகாரி அண்ணாந்து அவன் உயரத்தைப் பார்த்துச் சிரித்தார், தங்கப் பல் தெரிந்தது. லோரிப் பக்கம் கையைக் காட்டினார்.

அப்போதுதான் வடிவம்மாள், அர்ஜுனனின் தாய், காவல்காரனின் கைக்கடியில் குனிந்து உள்ளே ஓடிவந்தாள்.

"ஐயா, எம் புள்ளைக்குப் பதினாறுதான்யா! தாள் இருக்குய்யா!" சுற்றும்முற்றும் பார்த்தவளின் கண்ணில் புஷ்பராணி பட்டாள். "தங்கச்சி! ஒங்க அப்பாதானே எழுதி வெச்சாரு? தம்பி சாதகத்துக்குப் பின்னால, எங் கண்ணால பாத்தேனே! எடுத்துக் காட்டுங்க தாயி!"

ஷேக் அலாவுதீனுக்கு வேறு வழியில்லை. மலாயில் சொன்னார். அதிகாரி மெதுவாக நடந்து புஷ்பராணியின் மேசைக்கு வந்து நின்றார். அவருடைய விரல்கள் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே இருந்தன. அவற்றுக்கு ஒரு சாண் கீழே அந்தத் தாள்.

"தங்கச்சி, அந்த மாதிரித் தாள் இருக்கான்னு கேக்குறாரு," என்றார் ஷேக் அலாவுதீன்.

எடுத்துக் கொடுத்தால் அர்ஜுனன் வீட்டுக்குப் போவான். அதிகாரி தாளைத் திருப்பிப் பார்ப்பார், ஷேக் அலாவுதீனைப் படிக்கச் சொல்வார், குலசேகரம் லோரியில் ஏறுவான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அவள் யோசித்தாள். சுவரோரம் தம்பி தலையைக் குனிந்து நின்றான். அவனும் வாய் திறக்கவில்லை. திறந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம், திறக்காமல் நிற்கிறானே என்று அவமானம். வடிவம்மாள் கும்பிட்ட கையை இறக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தது," என்றாள் புஷ்பராணி. "குண்டு விழுந்த அன்றைக்கு எரிஞ்சு போச்சு."

சொன்ன பிறகுதான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. உயிரோடு எதிரில் நிற்கிற பிள்ளையின் சாதகத்தை அவள் வாயாலேயே எரித்துவிட்டாள்.

அதிகாரி மேசையைத் தட்டினார். எழுது. வயது இருபது. அவள் எழுதினாள். இயந்திரம் ஒரு பக்கம் லேசாக ஆடியது, அது தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதா என்று பயந்துகொண்டே எழுதினாள்.

அர்ஜுனன் அழவில்லை. வாசலில் நின்று கோல்காப்பாளன் கையுறைகளைக் கழற்றி எறிந்தான்.

"குலசேகரம், பிடிச்சுக்க. சிங்கோராவோட ஆடணும்ல."

அண்ணே என்று அவன் சொல்லவில்லை; தாளில் இருபது வயதுக்காரன் பதினேழு வயதுக்காரனை அப்படிக் கூப்பிட முடியாதே. நடக்கப் பழகிய நாளிலிருந்து அண்ணே என்று மட்டுமே கூப்பிட்டவன், அத்தனை பேர் காதிலும் விழும்படி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு லோரியில் ஏறினான். குலசேகரம் கையுறைகளைப் பிடிக்கவில்லை. அவை தரையில் கிடந்தன.

லோரி படகுத் துறைப் பக்கம் திரும்பியது. அதிகாரி கைகழுவப் போனார். வடிவம்மாள் புஷ்பராணியிடம் வந்தாள். திட்டப்போகிறாள், மேசையைக் கவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்துப் புஷ்பராணி இயந்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வடிவம்மாள் அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழுவாதீங்க தங்கச்சி. அய்யாவே போயிட்டாரு, தாள் எங்க நிக்கும்? நீங்க என்னா செய்வீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தம்பிக்கு எப்படியும் புதுசா சாதகம் எழுதுவீங்கல்ல? அப்ப பின்னால எம் புள்ளையதையும் எழுதி வெச்சிருங்க. மாசி மாசம், காலையில ஆறேகால். திரும்பி வந்தான்னா தாளு வேணும்லா."

"எழுதி வைக்கிறேன் அக்கா," என்றாள் புஷ்பராணி.

வடிவம்மாள் குனிந்து கையுறைகளைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, குலசேகரத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.