நான்கு எண்ணிக்கை

சவான்னா அரங்கின் முகப்பில் வெர்லீனின் பெயர் ஓரடி உயர எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே டிக்கெட் ஜன்னலில் அவள் அப்பாவுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். கறுப்பர்களுக்கு மாடியில்கூட இடமில்லையாம்.

அப்பா லூஷியஸ் ரயிலில் படுக்கைப் பெட்டி ஊழியர். வெர்லீன் பாட்டுப் படிக்க நியூயார்க் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு அவள் மேடையேறும் நாளில் அவர் அந்த ஊரில் இருந்ததில்லை. இன்று மதியக் காட்சி. ஆறு மணிக்கு அவருடைய வண்டி.

"விடும்மா," என்றார், பக்கவாசலில் நின்று. "பின்னாடி சந்துல நிக்கிறேன். காதுல விழும்."

"விழாதுப்பா. சுவர் ரெண்டடி கனம்."

மூன்றாம் அங்கத்தில் சவப்பெட்டி தூக்கும் ஆமோஸ் எட்டிப் பார்த்தான்.

"ஹெக்டருக்குக் காய்ச்சல். பெட்டிக்கு ஒரு ஆள் குறையுது. நமக்கு இங்க மேடை மேல மட்டும்தான் இடம், ஏறிடுங்க பெரியவரே. கனமே இல்ல, வெறும் பெட்டி. பொணத்துக்கெல்லாம் இவங்க சம்பளம் தர மாட்டாங்க."

மேடை மேலாளர் விட்கோம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயத் திறக்கக் கூடாது. இது ஆப்பரா. உங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக் கூட்டம் இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க சார்." ரயிலில் பேசும் குரல் அது.

முப்பது வயலின்கள். அவற்றுக்கு நடுவே ஹார்லெம் நடன விடுதியிலிருந்து வந்த ஒரு பாஞ்சோ, மூன்று டிரம்பெட். இந்த ஆப்பராவை எழுதியவர் வியன்னாவில் படித்த வெள்ளைக்காரர். ஒரு கோடை முழுக்கக் கறுப்பர்களின் தேவாலயங்களில் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். கணவனின் சவப்பெட்டியருகே வெர்லீன் பாடும் பாட்டு அங்கிருந்து வந்ததுதான். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் நான்கு எண்ணிக்கை மௌனம் என்று எழுதியிருந்தார்.

தேவாலயத்தில் அந்த இடம் காலியாக இருக்காது. யாராவது "பாடும்மா" என்பார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது அது எப்போதும் லூஷியஸ்தான், இரண்டாம் வரிசையிலிருந்து. இந்த ஆப்பராவில் அவள் எண்ணக் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடமாக எண்ணுகிறாள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்துவிடுவாள்.

பெட்டியை இறக்கி வைத்தார்கள். லூஷியஸ் தலைமாட்டில் நின்றார், மூன்றடி தூரத்தில், கண்ணைத் தாழ்த்தி.

அவள் முதல் அடியைப் பாடினாள். நான்கு எண்ணினாள். அவர் அசையவில்லை.

இரண்டாம் அடி. அவர் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கடைசி அடிக்கு முன்னால் அவள் எண்ணுவதை விட்டாள். நான்கு கடந்தது. இசைக்குழுவை நடத்தும் கெல்லரின் கோல் காற்றில் நின்றது. ஐந்து. ஆறு. முப்பது வில்களும் தந்திக்கு மேலே காத்திருந்தன. கெல்லர் புருவத்தை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூஷியஸ் வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் மேலிருந்த கையை மடக்கினார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

வெறும் பெட்டி. மாடி வரை கேட்டது.

அவள் கடைசி அடியைப் பாடினாள்.

திரை விழுந்து, மூன்று முறை தலைவணங்கிவிட்டு அவள் உள்ளே வந்தபோது ஆறாகப் பத்து நிமிடம். அவருக்குக் கொடுத்த கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது.

"ஏதாவது சொன்னாரா?"

"வண்டிக்கு நேரமாச்சுன்னு ஓடினார்," என்றான் ஆமோஸ். "மூஞ்சியத் துடைச்சுக்கிட்டே."

விட்கோம் வேகமாக வந்தார். "நடுவுல என்னய்யா அது தட்டுற சத்தம்?"

"பொணந்தான் சார். சம்பளம் கேக்குது."

மறுநாள் சார்ல்ஸ்டன் ஊரில் காட்சி. ஹெக்டர் காய்ச்சல் தீர்ந்து வந்திருந்தான். தலைமாட்டில் அவன் நின்றான். வெர்லீன் நான்கு வரை எண்ணிவிட்டுப் பாடினாள்.