கிளைமாக்ஸுக்கு முன்னால் காணாமல் போகிறவர்

கொட்டாவி குலசேகரனால் கிளைமாக்ஸில் இருக்க முடியாது. சினிமாவில் மட்டுமல்ல, வீட்டிலும் அப்படித்தான். ஒரு விஷயம் உச்சத்தை நெருங்குகிறது என்றால் அவர் இல்லாமல் போய்விடுவார். எழுந்து போய்விடுவார் என்று அர்த்தமில்லை. இருப்பார், பிறகு இருக்க மாட்டார். எல்லாம் முடிந்து, அழுதவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு, அடிபட்டவர்கள் சட்டையைத் தட்டிக்கொண்ட பிறகு, போலீஸ் ஜீப்பில் வந்து இறங்குவார். இடையில் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. படத்திலும் யாரும் கேட்பதில்லை.

அவர் நடிக்க வந்ததே கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கத்தான். கதாநாயகர் சிம்மராஜன் தாய்ப்பாசத்தைப் பற்றி வசனம் பேசிக்கொண்டிருந்தார். காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு வேளை தாண்டியும் தாய் முடியவில்லை. பின்னால் நின்ற குலசேகரன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். டைரக்டர் கவனிக்கவில்லை, அவரும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். படம் வெளியானபோது வசனம் ஒருவர் காதிலும் ஏறவில்லை. கொட்டாவிக்கு விசில் பறந்தது. படம் வெள்ளி விழா கொண்டாடியது.

சிம்மராஜன் பெருந்தன்மைக்காரர். "இனிமே என் படம் எல்லாத்துலயும் இந்த ஆளைப் போடுங்க. நான் இவரை உதைக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

இப்படித்தான் குலசேகரன் புகழ் பெற்றார். சிம்மராஜன் ஐம்பத்தெட்டு வயதிலும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். குலசேகரன் பக்கத்து பெஞ்ச். கதாநாயகிக்கு மட்டும் படத்துக்குப் படம் வயது இறங்கிக்கொண்டே வந்தது. "மச்சான், அவ உன்னைத்தான்டா பாக்குறா" என்று சொல்வது குலசேகரன் வேலை. சொன்னதற்கு உதை வாங்குவதும் அவர் வேலைதான். இடைவேளை வரைக்கும் உதை, இடைவேளைக்குப் பிறகு வேட்டி அவிழ்கிற காட்சி ஒன்று. அதற்கு மேல் கதை சூடுபிடித்துவிடும். அவரை யாரும் தேட மாட்டார்கள். கடைசியில் போலீஸோடு வந்து, எல்லோரும் நின்று சிரிக்கிற போட்டோவில் ஓரமாக நின்று சிரிப்பார். தமிழ்நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது. சிம்மராஜன் எம்.எல்.ஏ. ஆனார்.

வருஷக்கணக்கில் ஒரே வேலையைச் செய்தால் உடம்பு பழகிவிடும். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "சினிமாக்காரங்களுக்கு இது சகஜம் சார்" என்றார். "ஹீரோங்க வீட்டுல ஃபேன் போடாமலே முடி பறக்கும். அம்மா வேஷம் போடறவங்களுக்கு நல்ல சேதி சொன்னீங்கன்னா கையில இருக்கிற தட்டு கீழே விழுந்துடும். அவங்க எல்லாரும் எவர்சில்வருக்கு மாறிட்டாங்க. நீங்களும் ஏதாவது பாத்து மாறிக்குங்க."

எதற்கு மாறுவது? அப்பா சாகக் கிடந்தபோது விரலை ஆட்டிக் கூப்பிட்டு, "குலசேகரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றார். குலசேகரன் குனிந்தார். குனிந்தவர் அங்கே இல்லை. கிழவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாபகமறதி. மனைவி மங்களேஸ்வரிக்கு இடுப்பு வலி எடுத்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனார். பிரசவ அறை வாசலில் கை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்து, அதுவும் போய்விட்டது. குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிறகு ஜீப் வந்தது.

சாலிகிராமம் இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் பழக்கம். ரோந்து போகும்போது பின்சீட்டில் குலசேகரன் இருந்தால் கண்ணாடியில் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்.

"இன்னைக்கு எங்க சார்?"

"மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம்."

"பால் பொங்கியிருக்குமா?"

"நான் ஜீப்புல இருக்கேன்னா பொங்கியிருக்கும்."

இந்த நிலையில் மகள் சுடர்க்கொடிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை அருள்செல்வன் மாட்டு டாக்டர், சாது. அவனுடைய அப்பா ஏகாம்பரம் ரிடையர்டு தாசில்தார். நாலு பேர் பேசினால் நடுவில் புகுந்து பைசல் பண்ணிவைக்கிற சுபாவம். எல்லாம் பேசி முடித்த பிறகு சுடர்க்கொடி சொன்னாள்:

"அப்பாதான் என்னைத் தாரை வார்த்துக் குடுக்கணும். தாலி ஏறுறப்ப அவர் பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"உங்கப்பா நீ பொறக்கறதுக்கே ஜீப்புல வந்தவருடி" என்றாள் மங்களேஸ்வரி.

"அதனாலதாம்மா சொல்றேன்."

குலசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆயிரம் பேர் பார்க்க வேட்டி அவிழ்ந்தவருக்கு அன்று தலை நிமிரவில்லை. தாலி கட்டுவதை விடப் பெரிய கிளைமாக்ஸ் தமிழில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வேதமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். வேதமுத்து காமெடி டிராக் எழுதுகிறவர். படத்தின் கதை என்னவென்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். அவரும் கேட்க மாட்டார். காமெடியை மட்டும் தனியாக எழுதி, தனியாக எடுத்து வைப்பார்கள். எந்தப் படத்தில் கதை தொங்குகிறதோ அந்த இடத்தில் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள். முக்கால்வாசி படங்கள் தொங்கியதால் வேதமுத்து வசதியாக இருந்தார்.

சம்பந்தி வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள். வேதமுத்து காபியைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணே, கல்யாணத்தை முதல் பாதிக்குத் தள்ளிட்டா நீங்க தாராளமா இருக்கலாம். அதுக்கு, கல்யாணத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு பின்னாடி வரணும். அப்பத்தான் இது சாதா சீன் ஆகும்."

"பொண்ணுக்கு வரணுமா?" என்று கேட்டார் ஏகாம்பரம். "எங்க அக்கா இருக்காங்க. மருமகளைக் கொடுமைப்படுத்தறதுல நல்ல அனுபவம். சொன்னா நாளைக்கே வந்துடுவாங்க."

"நான் சமாளிச்சுக்குவேன்ப்பா" என்றாள் சுடர்க்கொடி.

"வேண்டாம்" என்றார் குலசேகரன். "நான் அரை மணி நேரம் நிக்கறதுக்காக எம்பொண்ணு ஆயுசு பூரா அழணுமா? வில்லங்கம் எனக்கு வரட்டும். ஜெயிலோ, பக்கவாதமோ, எதுவானாலும் எழுதுய்யா."

வேதமுத்து தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு வந்தா ஜனங்க சிரிச்சிருவாங்கண்ணே. காமெடியனுக்கு வர்ற கஷ்டம் கஷ்டத்துல சேராது."

அது குலசேகரனுக்குத் தெரியாததல்ல. அவருக்கு ஒருமுறை நிஜமாகவே கால் முறிந்து தியேட்டர் வாசலில் கத்தியபோது, கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது.

சுடர்க்கொடிதான் பேசினாள். "சிரிச்சா நல்லதுதானே? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் அப்பா இருப்பாரு இல்ல?"

வேதமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாயி, நீ என் வயித்துல அடிக்கப் பொறந்தவ. கல்யாணத்தையே டிராக்கா எடுத்துருவோம்."

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. கெட்டிமேளம் கூடாது என்று தவில்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. யாரும் கண் கலங்கக் கூடாது; கலங்கும் பழக்கமுள்ள அத்தைமார்களைச் சாப்பாட்டு அறையிலேயே உட்காரவைத்தார்கள். காட்சி கனத்துப்போனால் ஏகாம்பரம் குலசேகரனை உதைக்க வேண்டும். இதில்தான் ஒரு சிக்கல் வந்தது.

"முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றார் ஏகாம்பரம். "சம்பந்தியை எப்படி நான் உதைக்கிறது? யாராவது மச்சான் முறை ஆளைப் பிடிங்க."

"மச்சான் உதைச்சா அது குடும்பச் சண்டைங்க. நீங்க உதைச்சாத்தான் காமெடி" என்றார் வேதமுத்து.

பெண்ணைப் பெற்றவரை மாப்பிள்ளை வீட்டார் உதைப்பது புதிய வழக்கம் அல்ல என்று மங்களேஸ்வரி எடுத்துச் சொன்ன பிறகு ஏகாம்பரம் சம்மதித்தார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உதைப்பதுதான் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. குலசேகரன் பட்டு வேட்டியில், கையில் செம்போடு, மகள் பக்கத்தில் நின்றார். ஐயர் மந்திரம் சொன்னார். சுடர்க்கொடி தன் உள்ளங்கையை அப்பாவின் கைமேல் வைத்தாள். மருதாணி இன்னும் லேசாக மணத்தது. உடனே அவருடைய பாதங்கள் போய்விட்டன. ஜரிகைக் கரை தரைக்கு மேலே காற்றில் நின்றது.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் உதைத்தார்.

தவில் 'டம்' என்றது. மண்டபம் சிரித்தது. பாதங்கள் வந்தன.

தண்ணீர் ஊற்றும்போது முழங்கால் வரைக்கும் போனது. இன்னொரு உதை. மாப்பிள்ளை கையைப் பிடித்து மகள் கையோடு சேர்க்கும்போது இடுப்பு வரைக்கும் போனது. ஏகாம்பரத்துக்கு இதற்குள் கூச்சம் விட்டுப்போயிருந்தது. கொஞ்சம் பின்னால் போய் ஓடி வந்து உதைத்தார். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் கைதட்டல். சிலர் தாங்களும் உதைக்கலாமா என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த சிம்மராஜன் எம்.எல்.ஏ., "என் டைமிங் இவருக்கு வரல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தான். அங்கேதான் தவில்காரர் தவறு செய்துவிட்டார். தாலியைக் கண்டதும் கை தானாகக் கெட்டிமேளத்தில் இறங்கிவிட்டது. மண்டபமே எழுந்து நின்றது. சிரிப்பு நின்றுபோனது. குலசேகரன் கழுத்து வரைக்கும் இல்லை. தலை மட்டும், மகளைப் பார்த்தபடி, மாலைக்கு மேலே இருந்தது. ஏகாம்பரம் காலைத் தூக்கினார், உதைப்பதற்கு இடமில்லை.

மங்களேஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கன்னத்தில் ஒன்று விட்டாள். வேதமுத்து எழுதாத அறை அது. அதில் பிரசவ அறை வாசல் இருந்தது, மாமனார் செத்த வீடு இருந்தது, தனியாகப் போய்த் திரும்பிய எல்லா விசேஷங்களும் இருந்தன. 'பளார்' என்ற சத்தம் மேளத்தையும் மீறிப் பின்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குலசேகரன் செருப்பில்லாத இரண்டு கால்களும் தரையில் ஊன்ற முழுசாக நின்றார்.

மூன்று முடிச்சு விழுவதை அவர் பார்த்தார். அழுதால் அப்பா போய்விடுவாரென்று சுடர்க்கொடி சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து ஊற்றியதை மாலை வாங்கிக்கொண்டது.

"பாத்துட்டீங்களாப்பா?"

"பாத்துட்டேன்மா."

அன்று ஜீப் வரவில்லை. இன்ஸ்பெக்டர் நடந்தே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை குலசேகரன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் நுரையோடு பார்த்தால், கையில் செம்பு இருந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு கோர்ட்டில், பாகப்பிரிவினை வழக்கு ஒன்று வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில், கல்யாணம் சொருகப்பட்டிருந்தது. ஐயர் மந்திரம் சொன்னார். அருள்செல்வன் ஏதோ ஒரு பசுவுக்குப் போட வேண்டிய ஊசியோடு வந்திருந்தான். தாரை, உதை, அறை, தாலி, எல்லாம் வரிசையாக நடந்தன. நீதிபதி அட்சதை போட்டுவிட்டு அடுத்த வாய்தாவைச் சொன்னார்.

வேதமுத்துவைக் கேட்டதற்கு, "டிராக்னா அப்படித்தாண்ணே, எங்க தொங்குதோ அங்க போகும். நல்லா வந்திருக்குன்னு பேசிக்கறாங்க" என்றார்.

அதன் பிறகு எல்லோரும் காலையிலேயே குளித்துப் பட்டு உடுத்தித் தயாராக இருந்தார்கள். குலசேகரன் எந்தக் கல்யாணத்துக்கும் இல்லாமல் போகவில்லை. ஏகாம்பரம் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். மங்களேஸ்வரியின் அறை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருந்தது. அவளிடம் சரக்கு நிறைய இருந்தது.

போன வாரம் சங்ககிரியில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஹோமகுண்டம் அண்ணன் பக்கம் வந்தது, மேளம் தம்பி பக்கம். தாலி கட்டும்போது இரண்டு பக்கமிருந்தும் அட்சதை விழுந்தது. அண்ணன் பெண்டாட்டி சிரித்ததைப் பார்த்துத் தம்பி பெண்டாட்டியும் சிரித்தாள். அதோடு காட்சி முடிந்தது.

காட்சியை வெட்டி எடுத்தவர்கள் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சாலிகிராமத்துக்குத் திரும்பியபோது சுவரும் கூடவே வந்து, குலசேகரன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்றது. கொத்தனார் கரண்டியோடு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"சாந்து காயுதுங்க. மேல கட்டட்டுங்களா?" என்று கேட்டார்.

"கட்டுங்க. அந்த வீட்டுல இல்லாம போனாச் சரி" என்றார் குலசேகரன்.

சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் மங்களேஸ்வரி கேட்டுக்கொண்டாள்.