நெஞ்சில் ஒட்டிய உபயம்

ஆடி பிறக்கும் முன்பே பொம்மைகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை.

சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில், பூக்கடைக்கு மேல்மாடியில் சங்கத்து அறை. அங்கே பொன்னாடைக் கட்டுகளுக்கும் கை உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் அவை பெட்டியோடு கிடந்தன. தலையும் நெஞ்சும் மட்டும் உள்ள ரப்பர் பொம்மைகள். மூச்சு நின்று விழுந்தவனின் நெஞ்சை அமுக்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்க வாங்கியவை.

சாமுண்டீஸ்வரிக்குக் கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணையில் வேலை. மண்மூட்டை தூக்கி லாரியில் ஏற்றவேண்டும். வேலை முடிந்ததும் வராத பஸ்ஸுக்குக் காத்திருந்து, ரயில் மாறி, சேறு காயாத காலணியோடு சங்கத்துப் படியேறுவாள்.

"நாள் குறிச்சாச்சா அண்ணே?"

செயலாளர் அழகப்பன் நாள்காட்டியைப் பார்ப்பார். "ஆடியில எதுக்கும்மா? ஆவணி பிறக்கட்டும் லா."

ஆவணி பிறந்தது. சிறப்பு விருந்தினர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். புரட்டாசியில் பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை.

"விழாவெல்லாம் வேணாம்ணே. பெட்டிய மட்டும் குடுங்க. டாக்சி பிடிச்சு நானே கொண்டுபோய் இறக்கிடுறேன்."

"ஒப்படைக்காம எப்படிம்மா பிரிக்கிறது? குடுத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போவாள். பகைத்துக்கொண்டால் பெட்டி நகராது.

அவள் அவசரம் அவருக்குத் தெரியாதது இல்லை. போன வருஷம் புக்கிட் மேராவில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சந்தைப் பையோடு லிஃப்டுக்கு நின்றிருந்த அவள் புருஷன் சரத் அப்படியே சரிந்துவிட்டான். மகள் தாரணி கூட இருந்தாள். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒருத்தர் வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். ஒருத்தர் வாயில் தண்ணீர் ஊற்றினார். போனில் ஆம்புலன்ஸ்காரர் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க, போனைப் பிடித்திருந்தவர் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே பெட்டிக்குள் இருந்தது. தாரணி அந்தப் பெட்டியில்தான் முதுகைச் சாய்த்து நின்று அழுதிருக்கிறாள். கூடி நின்றவர்களில் கெட்டவர் ஒருத்தரும் இல்லை. தெரிந்தவரும் ஒருத்தரும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பிள்ளை அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை நின்று படித்துவிட்டு வந்தது. "அம்மா, படம் போட்டு வச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் செய்யலாமாம்." அதற்குப் பிறகு தாரணி லிஃப்டில் ஏறவில்லை. ஏழாவது மாடிக்குப் படியிலேயே போய்வந்தாள். அவள் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் அதக் கத்துக்கணும்மா. என் கிளாஸுல எல்லாரும் கத்துக்கணும்."

சாமுண்டீஸ்வரி பள்ளியில் தமிழாசிரியை ரஷீதா மூலமாகக் கேட்டுப் பார்த்தாள். "தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மொத்தத்துக்கும் சொல்லிக்கொடுக்க எங்ககிட்டப் பொம்மை இல்லக்கா," என்றார் ரஷீதா. "இருக்கிறது சாரணர் மாதிரி சீருடைக் குழுப் பிள்ளைங்களுக்கே பத்தல. இந்த வருஷத்துப் பணம் ரோபோ வகுப்புக்குப் போயிடுச்சு. யாராவது வாங்கிக் குடுத்தா, சொல்லிக்கொடுக்க ஆள் கூப்பிடறது என் பொறுப்பு."

தாரணிக்கு அதுதான் கடைசி வருஷம். நவம்பரில் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விடுவாள்.

அப்படித்தான் சாமுண்டீஸ்வரி சங்கத்துக்கு வந்தாள். சங்கம் மளிகைக்கடை ரமணனைக் கைகாட்டியது. அவர் அப்பா செல்லக்கண்ணு, அந்தக் காலத்தில் சந்தையில் மூட்டை சுமந்து, அந்தக் காசில் கடை வைத்தவர். போன வருஷம்தான் காலமானார். தலைத்திவசம் வருவதற்குள் அப்பா பேரில் ஏதாவது செய்யவேண்டும் என்று ரமணன் தவித்துக்கொண்டிருந்தார். விலை பேசவில்லை, யோசிக்கவில்லை. நல்ல ரகமாகவே வாங்கிக் கொடுத்தார். கேட்டது ஒன்றுதான்: அப்பா பேர் பளிச்சென்று தெரியவேண்டும்.

"பெட்டியில ஒட்டினா எவன் பாப்பான்?" என்றார் அழகப்பன். "போட்டோவுல பொம்மைதான் விழும். நெஞ்சுல போட்டுடுவோம்."

வெளிச்சம் வருகிற டியூப்லைட்டிலேயே உபயம் எழுதி இருட்டாக்குகிற வம்சம் நாம். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. சாமுண்டீஸ்வரிக்கும்தான். பொம்மை கிடைத்தால் போதும், நெற்றியில் ஒட்டினால் என்ன, நெஞ்சில் ஒட்டினால் என்ன? 'அமரர் செல்லக்கண்ணு நினைவாக, உபயம்: மகன் ரமணன்' என்று சிவப்பில் அச்சடித்து வந்த ஸ்டிக்கரை ஒவ்வொரு நெஞ்சிலும் வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்ததே அவள்தான். "மழையில கிடந்தாலும் உரியாதுக்கா," என்று அச்சகத்துப் பையன் சத்தியம் செய்திருந்தான்.

ஒருவழியாக ஐப்பசியில், பரீட்சை முடிந்து பிள்ளைகள் சும்மா திரிகிற வாரத்தில், பள்ளி மண்டபத்தில் விழா. சாமுண்டீஸ்வரி அரைநாள் லீவு போட்டு, பண்ணையிலிருந்து நேரே வந்தாள். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்தியவரை வாழ்த்தி இன்னொருத்தர். பொன்னாடை மேல் பொன்னாடை. பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்கார இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரஷீதாவைப் பார்ப்பதுமாக இருந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து நெளிந்தார்கள். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

கடைசியில் இருந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வகுப்புக்குத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றார் பயிற்சியாளர். தாரணியின் வகுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தது. மற்ற வகுப்புகள் வேடிக்கை பார்த்தன.

பொம்மைகளை வரிசையாகக் கிடத்தி, பிள்ளைகள் பக்கத்தில் மண்டியிட்டார்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை. செல்லக்கண்ணு என்ற பேரின் மேலேயே. "நல்லா அழுத்தணும், பயப்படாதீங்க," என்று பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொல்ல, மண்டபமே சேர்ந்து எண்ணத் தொடங்கியது. பொம்மைகளின் நெஞ்சு டக் டக்கென்று அமுங்கி எழுந்தது.

"நிறுத்துங்க!"

ரமணன் மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் பொன்னாடை சரிந்து தொங்கியது. "போதும், நிறுத்தச் சொல்லுங்க. எங்கப்பா பேரு மேல போட்டுக் குத்துறாங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

எண்ணுவது நின்றது. பிள்ளைகள் கையை எடுத்தார்கள். தாரணி மட்டும் எடுக்கவில்லை. தலை குனிந்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சார், இது அப்படித்தான் செய்யணும்," என்றார் ரஷீதா. "வேணும்னா மேல ஒரு சட்டை போட்டு மறைச்சுடலாம்."

"அடியில பேரு இருக்குல்ல டீச்சர்?"

"பிள்ளைங்கதானே ரமணன், விளையாட்டு மாதிரி..." என்று அழகப்பன் கையைப் பிடித்தார்.

"எது விளையாட்டு?" ரமணன் கையை உதறினார். "தலைத்திவசம்கூட வரலண்ணே."

சாமுண்டீஸ்வரிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஆடியிலிருந்து கடித்த பல் அது. தாரணிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "என் புருஷன் விழுந்தப்பவும் இப்படித்தான் சார், சுத்தி நின்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. என் பிள்ள முடிக்கட்டும். அப்புறம் பேசுங்க."

ரமணன் அவளை முறைக்கவில்லை. முறைத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கப்பாவுக்கும் செஞ்சாங்கக்கா," என்றார், குரல் இறங்கி. "ஆஸ்பத்திரியில, திரைக்கு அந்தப் பக்கம். விலா எலும்பு முறியுற சத்தம் கேட்டுச்சு. எண்பது வயசு உடம்பு. அப்படியும் போயிட்டாரு. இங்க இந்தப் பிள்ளைங்க எண்ண ஆரம்பிச்சதும்..." பொன்னாடையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என்னால முடியலக்கா. அவ்வளவுதான்."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷன். காசு கொடுத்தவன். தாரணியின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பயிற்சியாளர் குனிந்து அவள் தோளைத் தொட்டு, "போதும், நல்லா செஞ்ச," என்ற பிறகுதான் கையை எடுத்தாள்.

"ஸ்டிக்கர உரிச்சிட்டா பிரச்சினை முடிஞ்சுதுல்ல?" அழகப்பன் பக்கத்துப் பொம்மையின் நெஞ்சில் நகத்தை வைத்துச் சுரண்டினார். வரவில்லை. சாவியால் நெம்பினார். ஸ்டிக்கரோடு ரப்பர் தோலும் சேர்ந்து கிழிந்து, உள்ளே இருந்த சுருள்கம்பி தெரிந்தது. சாமுண்டீஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் தேய்த்திருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஆடியிலிருந்து நகராத பெட்டிகள் அரை நிமிஷத்தில் கட்டப்பட்டு ரமணனின் மளிகை வேனில் ஏறின. "மனசு ஆறட்டும். அடுத்த வருஷம் பாப்போம்மா," என்றார் அழகப்பன். "வேற உபயதாரர் கிடைக்காமலா போயிடுவாங்க?"

"அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைங்க இங்க இருக்காதுண்ணே."

"வேற பிள்ளைங்க வரும் லா," என்று சொல்லிவிட்டு அவர் மிச்சமிருந்த மாலைகளை எண்ணப் போனார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு பலகாரப் பையோடு வகுப்புக்குத் திரும்பினார்கள். முறை வராத வகுப்பில் ஒருத்தன், "எங்களுக்கு எப்ப டீச்சர்?" என்று கேட்டான். ரஷீதா அவன் முதுகில் கை வைத்து அழைத்துப்போனார்.

கிழிந்த பொம்மையை யாரும் ஏற்றவில்லை. அது மேடைக்குக் கீழே, நெஞ்சில் 'லக்கண்ணு நினை' என்ற துண்டோடு மல்லாந்து கிடந்தது. தாரணி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வா, போலாம்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"முட்டி போடும்மா."

"எதுக்குடி?"

"நீ இன்னும் கத்துக்கவே இல்லல்ல?"

இல்லைதான். படியேறினாள், கெஞ்சினாள், ஸ்டிக்கர்கூட ஒட்டினாள். ஒருதடவைகூட அமுக்கிப் பார்த்ததில்லை. பண்ணைச் சேறு ஒட்டிய கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டாள். தாரணி அவள் கையை எடுத்து இடம் பார்த்து வைத்தாள். மூட்டை தூக்குகிற தோள்தான், ஆனாலும் கொஞ்ச நேரத்திலேயே கடுத்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் உள்ளே சுருள்கம்பி கிறீச்சிட்டது.

"ஸ்லோவா இருக்கும்மா," என்றாள் தாரணி, எண்ணுவதற்கு நடுவில். "இந்த ஸ்பீடுல அப்பா செத்துருவாரு."

பூப்பந்து வலை கட்ட வந்த ஊழியர் கம்பத்தைப் பிடித்தபடி வாசலில் காத்து நின்றார். சாமுண்டீஸ்வரி நிமிரவில்லை. முழங்கையை நேராக்கிக்கொண்டு இன்னும் வேகமாக அமுக்கினாள்.