ஓசைகள் எல்லாம் பச்சை டிரைவில்

கப்பல் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மனைவியின் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் சும்மா இருக்காது. அவள் ஒரு கல்லூரியில் நூலகர். "எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்துல வைக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்று விடுமுறை முழுக்கச் சீண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் தன் மூன்று பென் டிரைவுகளையும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்.

எல்லாம் கம்ப்யூட்டர் கேம்கள். எந்த லேப்டாப்பில் சொருகினாலும் அப்படியே ஓடும், இன்டர்நெட் வேண்டாம். நடுக்கடலில் மாதக்கணக்கில் அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் அதுதான் பொழுதுபோக்கு. அது இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் எது எந்த டிரைவில் கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"பெரிய நூலகராச்சே, அடுக்கு பாப்போம். வகை வகையா பிரிச்சு வைக்கணும்."

கிளம்புகிற அன்று மூன்றும் துடைத்து வரிசையாக மேசைமேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. சிவப்பு டிரைவில் 'படங்கள்'. பச்சையில் 'ஓசைகள்'. கறுப்பில் 'இதர'.

அவருக்குப் பகீரென்றது. அவசரமாகச் சொருகிப் பார்த்தார். ஒரு கேமுக்கு வேண்டிய படம், ஓசை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் இருந்தால்தான் அது ஓடும். அவளோ கூட்டுக்குடும்பங்களையெல்லாம் பிரித்து ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பியிருந்தாள். ஒரே பெயரில் வந்த ஃபைல்களுக்கு வெடி ஒன்று, வெடி இரண்டு என்று எண் வேறு. அவ்வளவு நேர்த்தி. ஒன்றும் ஓடவில்லை.

"லீவு போட்டு உக்காந்து செஞ்சேன். நல்லா இருக்கா?" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் பேசிய கேலியெல்லாம் நினைவுக்கு வந்தது. "பிரமாதம்," என்றார்.

"ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்."

"டாக்சி வந்துடுச்சு."

டாக்சி வர இன்னும் வெகுநேரம் இருந்தது. அதுவரை பெட்டியோடு தெருமுனையில் நின்றார்.

கப்பலில் கேம் கேட்டு முதல் ஆளாக வந்தவர் சமையல்காரர். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப நாம என்னண்ணே பண்றது?"

பிரிந்த ஃபைல்களை இருவரும் மறுபடி ஒட்ட ஆரம்பித்தார்கள். எலக்ட்ரீஷியன் படங்களைத் தேடுவார். சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓசைகளைக் கேட்டு, இது அந்தக் கார் பந்தயம்தான் என்று சத்தியம் செய்வார். பாதி தப்பாகப் போனது. துப்பாக்கியை அழுத்தினால் பூனை கத்தியது. பந்தயக் கார் திருப்பத்துக்குத் திருப்பம் குழந்தை மாதிரி வீறிட்டது. கதவை உடைத்துக்கொண்டு வந்த பேய் கோழியாய்க் கொக்கரித்தபோது என்ஜின் ரூம் ஆட்களும் ஓடி வந்துவிட்டார்கள். சரியாக ஒட்டிய கேம்களை அதன்பிறகு யாரும் சீந்தவில்லை. எந்தப் பயணத்திலும் அவர் இப்படிச் சிரித்ததில்லை. அவள் பக்கத்தில் இல்லையே என்றுதான் குறையாக இருந்தது.

துறைமுகத்தில் போன் கிடைத்தது. "அடுக்கினது சௌகரியமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் சமையல்காரர் போனுக்குள் தலையை நீட்டினார். "நீங்க அருமையா அடுக்கிக் குடுத்தீங்க அண்ணி. அண்ணன்தான் எல்லாத்தையும் போட்டுக் கலைச்சுட்டார்." சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எனக்குத் தெரியும். அவர் கை பட்டா எதுவும் உருப்படாது," என்றாள் அவள். "என்னங்க, அப்படியா?"

"ஆமா," என்றார். தான் பேசிய பேச்சுக்கு இது வேண்டியதுதான் என்று பட்டது. மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"பரவாயில்ல, கொண்டாங்க, மறுபடி அடுக்கித் தரேன். தம்பி, நீங்களும் ஏதோ கால்பந்து கேம்ல வருஷக்கணக்கா ஆடி ஒரு டீம் சேத்து வெச்சிருக்கீங்களாமே? இவர் சொல்வார். அந்த டிரைவையும் இவர்கிட்ட குடுத்து விடுங்க."

சமையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"கண்டிப்பா கொண்டு வரேன்," என்றார் எலக்ட்ரீஷியன். "தம்பிக்கு ரொம்ப நாளா ஆசைதான். உன்கிட்ட கேக்கத்தான் வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தார்."