பம்பரம் விழும் பக்கம்

சினிமாவில் அடி வாங்குவதுதான் பம்பரத்தின் தொழில். கதாநாயகன் கை ஓங்கினால் இவர் சுழன்று விழவேண்டும். பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். மாடியிலிருந்தும் ஓடும் லாரியிலிருந்தும் விழுந்து எழுந்த மனிதரைப் பக்கவாதம் குளியலறையில் சாய்த்தது. இடக்கை தொங்கிப்போனது, இடக்கால் இழுத்தது. விழுந்தே சோறு தின்றவருக்கு விழப் பயம் வந்துவிட்டது. இதைவிடக் கேவலம் உண்டா?

ஒருநாள் அவர் விழும்போது தாங்க வந்த மனைவி அடியில் சிக்கினாள். அவள் மணிக்கட்டு முறிந்த சத்தம் அவர் காதிலேயே விழுந்தது. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழ மறுத்தார். நடக்கப் பழக்க வந்தவர்மேல் ஊன்றுகோலை வீசினார்; அது குறி தப்பி நிலைக்கண்ணாடியைச் சுக்குநூறாக்கியது. மூத்திரத்துக்குக்கூடப் பாத்திரம்தான். கட்டுப்போட்ட கையோடு அவள் அதைத் தூக்கிப்போகும்போதெல்லாம் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அவளுடைய தம்பி அடியையும் சேர்த்தே கொண்டுவந்தான். அவனும் சினிமாவில் சண்டைக்காரன். படப்பிடிப்பில் விழுவதற்குப் போடும் மெத்தையைக் கூடத்தில் விரித்தான்.

"எந்திரிங்க மாமா."

"வெளிய போடா!"

சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, நெஞ்சில் ஒரே தள்ளு. பம்பரம் இடப்பக்கம் சரிந்து முகம் மோத விழுந்தார். மறுபடி தூக்கினான், மறுபடி தள்ளினான். மூக்கில் ரத்தம் வந்தது.

"டேய், கொன்னுடாதடா!" என்று அலறினாள் மனைவி.

"நீ சும்மா இரு அக்கா."

இந்த முறை வலப்பக்கமாகத் தள்ளினான். அப்போதும் அவர் உடம்பு முறுக்கிக்கொண்டு இடப்பக்கமே விழுந்தது. தம்பி அவர் சட்டையை விலக்கிப் பார்த்தான். இடப்பக்கம் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. வலப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

"எப்படித் தள்ளினாலும் இந்தப் பக்கமே விழறீங்களே?"

"அந்தக் காலத்துல ஒரு படத்துல வலது தோள் கழண்டதுலேர்ந்து இப்படித்தானடா விழறேன். இடக்கை முதல்ல தரையில அறையும். மத்தது தானா உருளும்."

"அந்தக் கை இப்ப எங்க மாமா?"

பம்பரம் தொங்கும் இடக்கையைக் குனிந்து பார்த்தார். கை செத்தது அவருக்குத் தெரியும். உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

"இனிமே வலப்பக்கம் விழுங்க."

"அந்தத் தோளும் போச்சுன்னா? இருக்கறது ஒரு கை. அதையும் உடைக்க வந்தியா, நாயே?"

"அப்ப அக்காவோட இன்னொரு கையை உடைங்க!"

பம்பரத்தின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. சினிமாவில் எந்தக் குத்தும் முகத்தில் படாது. இது பட்டது. உதடு கிழிந்த ஆத்திரத்தில் அவன் தள்ளிய தள்ளில் அவர் மெத்தையைத் தாண்டி வெறும் தரையில் போய் விழுந்தார்.

வலது உள்ளங்கை தரையில் பளாரென்று அறைந்தது. தோள் தாங்கியது. தலை தப்பியது.

தூக்க ஓடிவந்தவனை, "தொட்டே, கொன்னுடுவேன்!" என்று உறுமினார். வலது முழங்கையை ஊன்றிப் புரண்டு, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்தார். கால் வழுக்கியது. தன் காலைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, மறுபடி வலக்காலை ஊன்றி எழுந்துவிட்டார்.

ஊன்றுகோலோடு காலை இழுத்து இழுத்துக் குளியலறைக்குப் போனார். பழக்கதோஷத்தில் மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"நான் விழுந்தா பிடிக்க வராத. நகரு!"

கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தடாலென்று சத்தம். அதற்கும் முன்னால், பளாரென்று ஓர் அறை. பாய்ந்த அக்காவைத் தம்பி பிடித்துக்கொண்டான். அவள் அவனைக் கடித்தேவிட்டாள்.

"யாரும் வராதீங்க," உள்ளிருந்து மூச்சிரைக்கக் குரல் வந்தது. "வலப்பக்கம்தான் விழுந்தேன்."

முனகலும் திட்டும் கேட்டன. பிறகு குழாய் திறந்து தண்ணீர் விழுந்தது. அவள் கட்டிலடியில் இருந்த பாத்திரத்தை எடுத்து, நல்ல கையால் ஓங்கித் தெருவில் வீசினாள்.