லேசருக்குத் தெரியாத முடி

கண்ணாடிக்கடை அக்கா முதல் தடவை என் அறைக்கு வந்தபோது முகத்தை மழுமழுவென்று வைத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் பல்லைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டா போகிறார்கள்?

"முடி எங்கக்கா?"

"காலையிலதான் பிடுங்கினேன். அதோட எப்படிம்மா பஸ்ல வர்றது?"

"முடியே இல்லாம நான் எதுல ஊசியை விடுறது? இனிமே பிடுங்கவே கூடாது. வேணும்னா கத்தரியால வெட்டிக்குங்க. இங்க வர நாலஞ்சு நாள் இருக்கும்போது அதையும் நிறுத்திடணும். இடுக்கி பிடிக்கிற அளவுக்காவது வளரணும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால் நான் என்னவோ அவரைத் துணியில்லாமல் தெருவில் நடக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

என் தொழில் முடியை நிரந்தரமாக எடுப்பது. முடியை ஒட்டியே மெல்லிய ஊசியை அதன் வேர்வரை இறக்கி, துளி மின்சாரம் கொடுப்பேன். வேர் செத்துவிடும். அப்புறம் இடுக்கியால் தொட்டாலே முடி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு ஊசிக்கு ஒரு முடிதான். "லேசர் வந்த காலத்துல இப்படி ஒவ்வொன்னா நோண்டிக்கிட்டு இருக்கியே" என்று என் அண்ணனே கேலி செய்வான். லேசர் வெளிச்சம் முடியில் இருக்கிற கறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வேருக்குச் சூடு இறக்கும். வெள்ளை முடி, செம்பட்டை, பொன்னிறப் பூனைமுடி என்றால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. வீட்டில் ஆளே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடும். அப்படித் திரும்பிப் போன முடிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

அக்காவும் அந்த வழியாகத்தான் வந்திருந்தார். அவருடைய நாத்தனாருக்குக் கன்னத்தில் கருகருவென்று முடி. லேசரில் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் நாத்தனார் இவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்த பெண் நல்ல பெண். வெள்ளை முடிக்கு லேசர் வேலை செய்யாது என்று நேராகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அக்கா சும்மா இருந்தாரா? வீட்டுக்குப் போய் முகவாய் முடிக்குத் தலைச்சாயத்தைப் பூசிக் கறுப்பாக்கிக்கொண்டு, வேறொரு லேசர்க் கடையில் போய்ப் படுத்துவிட்டார். சாயம் வெளியே நிற்கிற முடியில்தானே ஒட்டும், தோலுக்குள் இருக்கிற வேருக்கு எப்படிப் போகும்? வேர் வெள்ளையாகவே இருந்தது, மேல்தோல் கொப்பளித்துவிட்டது. என்னிடம் வந்தபோதும் அந்தத் தழும்பு பழுப்பாக இருந்தது.

"மெஷினையே ஏமாத்தப் பார்த்தீங்களாக்கா?"

"ஊர்ல எல்லாக் கண்ணுக்கும் தெரியுது. இவ்ளோ பெரிய மெஷினுக்கு மட்டும் தெரியலைன்னு சொன்னா எப்படிம்மா நம்புறது?"

எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். வருடத்துக்கு மேலேயே ஆகும் என்றேன். இன்றைக்குத் தெரிகிற முடியை இன்றைக்கு எடுக்கலாம், தோலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருப்பது எழுந்து வரும்போதுதானே அதையும் பிடிக்க முடியும்? அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"அதுக்குள்ள முடிக்க முடியாதா?"

"எதுக்குள்ள?"

"ஒன்னுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

அடுத்த வாரம் முடியோடு வந்தார். கடையில் சளி என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டாராம். அவருக்கு அங்கே ஃப்ரேம் மாட்டிச் சரிபார்க்கிற வேலை. முகத்துக்கு முகம் குனிந்து, காதுக்குப் பின்னால் வளைத்து, மூக்கில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணைத் திறந்ததும் பளிச்சென்று முதலில் பார்ப்பது அக்காவின் முகவாயைத்தான். மாஸ்க் போடாத ஒருநாள் ஒரு குழந்தை எட்டித் தொட்டே பார்த்துவிட்டதாம்.

"வீட்டுல எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்றேன்.

"வீட்டுல கவலையில்ல. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது." இன்றைக்குக் கடை லீவு என்று சொல்வதுபோல நிம்மதியாகச் சொன்னார்.

"தொட்டா தெரியாதா?"

"தொட விட்டாத்தானே."

மேலுதட்டுக்கு ஊசியைக் கொண்டுபோனேன். அங்கே வேலை நடக்கும்போது யாராலும் பேச முடியாது. எனக்கும் அது சில நேரம் வசதி.

சில மாதங்கள் இப்படியே போயின. முகவாயில் பாதி இடம் சுத்தமாகிவிட்டது. ஒருநாள் அக்கா கண் வீங்கி வந்து படுத்தார். அவருடைய வீட்டுக்காரருக்குக் கார்களுக்கு வர்ணம் அடிக்கிற பட்டறையில் நிறம் கலக்குகிற வேலை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று அக்கா பலமுறை பெருமையடித்திருக்கிறார். எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பார்த்த மாத்திரத்தில் அதே நிறத்தைக் கலக்கிவிடுவாராம். அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளைக் காரின் கதவுக்கு வர்ணம் அடித்திருக்கிறார். வண்டிக்காரர் வந்து பார்த்தால் பால்போல இருக்கிற காரில் மோர் நிறத்தில் ஒரு கதவு. பட்டறையில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. அவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. முதலாளி சத்தம் போடவில்லை. "நீங்க கொஞ்ச நாள் வண்டி கழுவுற பக்கம் இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டார்.

"வீட்டுக்கு வந்து உக்காந்தாரும்மா. மேல பெயிண்ட் வாசனையே இல்ல. சோப்பு வாசனை. எனக்கு வயிறே எரிஞ்சுபோச்சு."

"என்னக்கா அவர் கண்ணுக்கு?"

"புரை."

"அப்ப ஆபரேஷன் பண்ணிட வேண்டியதுதானே?"

"இன்னும் முத்தல. முத்தினாத்தான் பண்ணணும்."

எனக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வருடம்தான் என் அத்தைக்குக் கண்புரை எடுத்தோம். "முத்துற வரைக்கும் விடுறதெல்லாம் அந்தக் காலம்னு எங்க அத்தைகிட்டயே சொன்னாங்களே. கண்ணாடிக்கடையில இருந்துக்கிட்டு உங்களுக்கா தெரியாது?" என்றேன். ஊசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"தெரியும். கடைக்கு வர்றவங்ககிட்ட தள்ளிப்போடாதீங்கன்னு நானேதான் சொல்றேன். அவர்கிட்ட மட்டும் முத்தலைன்னு சொன்னேன். நான் சொன்னா நம்புவாரு. முதல்ல இதை முடிச்சிட்டு அப்புறம் அவர் கண்ணைத் திறக்கலாம்னு நினைச்சேன்."

நான் மெஷினை அணைத்தேன். வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன், பக்கத்து அறையில் ஆட்கள் இருந்தார்கள்.

"உங்க முகவாய் எங்கயும் ஓடிப்போகாதுக்கா. அவர் வேலை போயிட்டிருக்கு. கண்ணு போயிட்டிருக்கு."

"பார்த்துட்டாருன்னா?"

"பார்க்கட்டுமே. நாலு முடி. அதுக்கு மேல என்ன?"

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டே." அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பத்தாவது வரைக்கும் ஸ்கூல்ல என் பேரே 'மாமா'தான். டீச்சர்கூட ஒருநாள் வாய்தவறிக் கூப்பிட்டுட்டாங்க. இத்தனை வருஷமா இவர் ஒருத்தர் கண்ணுலதான் நான் பொம்பளையா இருக்கேன். அதையும் நானே கெடுத்துக்கணுமா?"

முடி வந்து பொம்பளைத்தனத்தைக் கொண்டுபோகாது என்று சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தினமும் முடியை எடுத்துக்கொடுத்துப் பிழைக்கிறவள் எந்த வாயால் அதைச் சொல்வது? அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருந்ததை மட்டும் சொன்னேன்.

"அவருக்கு ஆபரேஷன் ஆகாம இங்க வராதீங்க. வந்தாலும் நான் கை வைக்க மாட்டேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். ஆள் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. வீட்டுக்காரரின் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதாம். முன்னாடியே வந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் அவரைக் கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "என் வீட்டம்மாவுக்குக் கண்ணாடிக்கடையில வேலை சார், அவதான் முத்தட்டும்னா" என்று பெருமையாகவே சொன்னாராம். டாக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கைப்பைக்குள் எதையோ தேடினார்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரைப் பார்த்து ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார். பழைய கண்ணுக்குச் சுவர் மஞ்சள், புதுக் கண்ணுக்கு வெள்ளை. சின்னப் பிள்ளை மாதிரி பாத்திரம், துண்டு, காலண்டர் என்று ஒவ்வொன்றாக அப்படிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் அக்காவைப் பார்த்தார். ஆஸ்பத்திரி அலைச்சலில் அக்கா கத்தரியைத் தொட்டே பல நாளாகியிருந்தது. அவர் இடது கண்ணை மூடினார், வலது கண்ணை மூடினார், மறுபடியும் இடது கண்ணை மூடினார்.

"பழைய கண்ணுல இல்லியே. எப்ப வந்துச்சு இது?" என்றாராம்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முகவாய், லேசர், சாயம், நான், முத்தாத புரை, எல்லாம்.

"கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. வாயே திறக்க மாட்டேங்கிறாரு. தட்டுல போட்டதைச் சாப்பிடுறாரு, தட்டைக் கழுவி வைக்கிறாரு, திரும்பிப் படுத்துக்கிறாரு. என் முகத்தைப் பார்க்கிறதே இல்ல."

"சனிக்கிழமை வாங்கக்கா" என்றேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. ஒல்லியான மனிதர், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வெளியில இருக்கீங்களா, இங்கயே இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"என் கண்ணை அடகு வெச்சு என்ன வேலை நடக்குதுன்னு நானும் பார்க்கணும்ல" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா படுக்கையில் சுருங்கிப்போனார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். பெரிதாக்கிக் காட்டும் விளக்கை முகவாய்க்கு நேராக இழுத்து வைத்து, பழையபடி ஊசி, மின்சாரம், இடுக்கி. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மருந்து தடவப் பஞ்சை எடுத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னைக்கு இவ்ளோதான்."

எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டார். அப்போது அக்காவுக்கு வலித்ததைப் போல என் ஊசி ஒருநாளும் வலித்திருக்காது.

"இங்க ஒன்னு விட்டுட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. விளக்கில் இருந்த பெரிதாக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"விளக்கை நேரா அடிச்சா எப்படித் தெரியும்? வெள்ளை மேல வெள்ளை. நாங்க பக்கவாட்டுல அடிச்சுத்தான் வண்டியைப் பார்ப்போம். தள்ளுங்க." விளக்கின் கழுத்தைப் பிடித்துக் காதுப் பக்கமாக இறக்கினார். மொத்த முகவாயும் மாறிவிட்டது. வரிசையாக ஏழெட்டு முடி, நிழலோடு எழுந்து நின்றன. இத்தனை வருடத் தொழில், எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இப்படியே பிடிச்சுக்கிறேன், எடுங்க" என்றார்.

நான் மறுபடியும் மெஷினைப் போட்டேன். முதல் முடி வந்தது. அவர் என்னிடம் பேசுவதுபோலவே சொன்னார்: "போன வருஷமே எங்கிட்ட காட்டியிருந்தா, போன வருஷமே பிடிச்சிருப்பேன். விளக்கைப் பிடிக்கக் கண்ணு எதுக்குங்க?"

அக்காவின் முகவாய் நடுங்கியது. ஊசியை வெளியே எடுத்துவிட்டேன். அழுகையை அடக்க அடக்க நடுக்கம் கூடியது. அவர் விளக்கை வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அக்காவிடம் நேராகப் பேசினார்.

"வலிக்குதா?"

"ம்."

"வலிக்கட்டும். ஆடாம படு."

அக்கா தலையசைத்துவிட்டு, ஆடாமல் படுத்தார். நான் அடுத்த முடியைப் பிடித்தேன்.