பத்தாவது ஆள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு தேசத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அதில் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் ஒன்பது என்பதை எண்ணிப் பார்த்து, தேடிப் பிடித்து, ‘நம்ம குடும்பம்’ என்று ஒரு வாட்ஸப் குரூப்பில் போட்டுப் பூட்டியவர் மைக் அக்கா.

மைக் அக்கா என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்தால், அவருக்கு அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்.

பெயருக்குக் காரணம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை பள்ளியில் ‘மொழி மாலை’ என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு மொழிக்காரருக்கும் மேடையில் எட்டு நிமிடம். நாலு வருஷமாகத் தமிழின் எட்டு நிமிடத்தில் முதல் நாலு நிமிடம் மைக் அக்காவின் முன்னுரைக்குப் போகும். தமிழில் ரெண்டு, ஆங்கிலத்தில் ரெண்டு. மிச்சத்தில் பிள்ளைகள் அவசர அவசரமாக எதையாவது ஆடிவிட்டு, மணி அடித்ததும் பாதியில் இறங்கி வருவார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் வந்தது. போன வருஷம் ஏதோ ஒரு மொழிக்காரர்கள் முப்பத்தொரு பேரை மேடையேற்றியதில் ஓரத்துப் பலகை ஒன்று உடைந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பூந்தொட்டிதான் போயிற்று. இருந்தாலும் ஆக்டிவிட்டி மேடம் உஷாராகிவிட்டார். பிள்ளைகளின் கிளப், போட்டி, மேடை எல்லாம் அந்த அம்மாவின் பச்சை ஃபைலுக்குள்தான். இனிமேல் ஒரு மொழிக்குப் பத்துத் தலை, பதினொன்றாவது தலை பிரின்சிபாலுடையதாக இருந்தாலும் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். பத்துப் பெயரையும் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

குரூப்பில் நடிக்கிற வயதில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பத்தாவது பெயர் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. மைக் அக்கா முன்னுரையை மூன்று பக்கம் எழுதி முடித்து, கண்ணாடி முன்னால் நின்று மூச்சு விடுகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் ஒத்திகை. சோபாவை பால்கனிக்குத் தள்ளியாயிற்று. நாடகம் ஒரு வரிசையைப் பற்றியது. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் வேறு யாருக்கோ இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எதற்கான வரிசை என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது பிள்ளைகளும் ஹாலில் வரிசை கட்டி நின்றபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் லேப்காரம்மாவும் அவர் மகளும்.

லேப்காரம்மா மூன்று மாதத்துக்கு முன்புதான் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராகச் சேர்ந்தவர். டெஸ்ட் டியூப் கழுவுவது, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, வாத்தியார் வருவதற்குள் மேஜை மேஜையாக எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அவர் வேலை. வேலையோடு மகளுக்கு ஏழாம் வகுப்பில் ஓர் இடமும் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் தமிழ்க் குடும்பம் பத்து. மைக் அக்கா அவரை வராந்தாவில் ரெண்டு தடவை பார்த்திருக்கிறார். ரெண்டு தடவையும், “உங்களை நம்ம குரூப்ல சேர்க்கணுமே!” என்று அங்கலாய்த்திருக்கிறார். போனை எடுத்துச் சேர்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

“லேட்டாயிடுச்சா மேடம்? ரெண்டு பஸ் மாறி வரோம்” என்றார் லேப்காரம்மா.

“வாங்க வாங்க. என்ன, திடீர்னு?”

லேப்காரம்மாவின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. “திடீர்னா... ரிகர்சலுக்குத்தான். உங்க பாப்பா ஸ்கூல் பஸ்ல சொல்லுச்சாமே. ‘சனிக்கிழமை பத்து மணிக்கு நாம எல்லாரும் நம்ம வீட்டுல ரிகர்சல் பண்றோம்’னு. எங்க வீடுன்னுகூட சொல்லல மேடம், நம்ம வீடுன்னு சொல்லியிருக்கு. நல்லா வளர்த்திருக்கீங்க.”

மைக் அக்காவின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. வளர்த்த லட்சணத்துக்கு நன்றி சொல்வதா, இல்லை கதவைச் சாத்துவதா?

லேப்காரம்மா குரலைத் தாழ்த்தினார். “இவ வந்ததிலேருந்து கிளாஸ்ல வாயே திறக்கறதில்ல. ஆக்டிவிட்டி கார்டுல ஒரு சீல்கூட இல்லன்னு டீச்சர் ரெண்டு லெட்டர் அனுப்பிட்டாங்க. எதுலயாவது சேருடின்னா, மாட்டேம்பா. இது ஒண்ணுதான் அவளா வந்து, ‘அம்மா, என்னையும் சேர்த்துக்கிட்டாங்க’ன்னு சொன்னது. புதன்கிழமையிலேருந்து தூக்கம் இல்ல. பஸ்ல இவங்க பேசிப் பாக்கறதைக் கேட்டுக் கேட்டு எல்லார் வசனமும் மனப்பாடம்.”

அதற்குள் அந்தப் பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். பிள்ளைகள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை என்றால் கடைசியில் யாராவது வந்து நிற்பதுதானே?

மைக் அக்கா, “இதோ டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்று சமையலறைப் பக்கம் நகர்ந்தார். போகிற போக்கில் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இடுப்பளவு மேடை ஒன்றுதான் உண்டு, சுவர் கிடையாது. வாடகைக்கு வரும்போது அதைத்தான் மைக் அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, அவளை யாரு கூப்பிட்டது?”

“நான் கூப்பிடலையேம்மா.”

“நாம எல்லாரும்னு சொன்னியாமே?”

“ஆமா. நாம எல்லாரும் ரிகர்சல் பண்றோம்னு சொன்னேன். பண்றோம்தானே?”

“நாங்கன்னு சொல்லணும்டி! நாங்க! எங்க வீட்டுல!”

மகள் அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். “நாங்க ஃபோன்ல சொல்றதும்மா.”

“என்னது?”

“நீ பெரியம்மாகிட்ட ஃபோன்ல பேசும்போது, நாங்க சாப்பிட்டோம், நாங்க வெளிய போறோம்ப. ஃபோனை வெச்சதும், வாங்க நாம சாப்பிடலாம்ப. நேர்ல நாம, ஃபோன்ல நாங்க.”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மைக் அக்காவின் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். “சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்கா? மூணு பேர் இருக்கிற வீட்டுல யாரை விட்டுட்டுப் பேசுறது?”

“நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

“அப்ப நாங்கன்னா என்னம்மா?” என்றாள் மகள்.

கேள்வி கேட்டால் விளக்கம் சொல்லாமல் இருப்பது மைக் அக்காவின் ரத்தத்திலேயே கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் தீ எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே ஓடுவார். குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். “நல்லாக் கேட்டுக்கோ. நாமன்னா எல்லாரும். நாங்கன்னா, பேசுறவங்களும் அவங்களைச் சேர்ந்தவங்களும் மட்டும். எதிர்ல நிக்கிறவங்க வந்து...”

நிமிர்ந்தார். எதிரில் லேப்காரம்மா நின்றுகொண்டிருந்தார். டீக்குக் கை கொடுக்கலாம் என்று வந்தவர்.

நாலு வருஷத்தில் மைக் அக்கா ஆரம்பித்த வாக்கியம் எதுவும் முடியாமல் நின்றதில்லை. இது நின்றது.

“எதிர்ல நிக்கிறவங்க அதுல கிடையாது பாப்பா” என்று லேப்காரம்மாதான் முடித்து வைத்தார். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி, கோணாமல், அழுத்தாமல். பிறகு ஹால் பக்கம் திரும்பி மகளைப் பார்த்து, “கிளம்பலாமாடா? அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

அந்தப் பெண் வரிசையை விட்டு நகரவில்லை. அழவும் இல்லை. முன்னால் நின்ற பையனின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. ஒன்பது பிள்ளைகளும் திரும்பி மைக் அக்காவைப் பார்த்தார்கள்.

“அட, எங்க கிளம்புறீங்க?” என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையதுதான் என்று மைக் அக்காவுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. “பத்துப் பேர் லிஸ்ட்டு. பத்தாவது ஆள் உங்க பொண்ணுதான். நான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன், அவ்வளவுதான்.”

வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

அன்றைக்கு ஒத்திகை ஒரு மணி வரை நடந்தது. லேப்காரம்மா ரெண்டு டம்ளர் டீ குடித்தார். போகும்போது அந்தப் பெண் ‘தேங்க்ஸ் ஆன்ட்டி’ என்றாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக் அக்காவுக்குத் தெளிவு வந்துவிட்டது. வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டது, அதற்காக மூன்று பக்கத்தையும் குப்பையில் போடுவதா? முதலில் ஆக்டிவிட்டி மேடத்துக்கு ஃபோன் போட்டார். தமிழ் தொன்மையான மொழி, பதினொரு பேருக்குத் தகுதியுள்ளது என்று எடுத்துச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பூந்தொட்டி உடைந்த கதையை முதலிலிருந்து சொன்னார்.

அடுத்து குரூப்பில் இருக்கிற பல் டாக்டரம்மாவுக்கு. அவர் மகனுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வசனம், ‘கொஞ்சம் நகருங்க’.

“உங்க பையன் சின்னப் பையன், அடுத்த வருஷம் பெரிய வேஷமாக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன்” என்று ஆரம்பித்தார் மைக் அக்கா.

“ஏன்கா, என்ன விஷயம்?”

விஷயத்தைச் சொன்னார்.

“அய்யோ பாவம், அந்தப் பொண்ணைச் சேர்த்துக்கணும்கா, கண்டிப்பாச் சேர்த்துக்கணும்” என்று உருகிய பல் டாக்டரம்மா, “ஆனா என் பையன் ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு நகருங்க நகருங்கன்னு சொல்லிட்டிருக்கான். அதைப் போய்ப் புடுங்கணுமா? ஆமா, நீங்க ஒரு வருஷம் பேசாம இருந்தாத்தான் என்ன? சும்மா கேட்டேன்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. “நாலு வருஷம் உழைச்சவளுக்கு இதான் மரியாதை” என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னார். அவர் மூன்று தடவையும் தலையாட்டினார். நாலாவது தடவை, “அந்தப் புள்ளைகிட்ட நீயே ஃபோன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிடேன். ஃபோன்லதான் நாங்கன்னு சொல்லலாமே” என்றார். மைக் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனால் ஒத்திகையன்று வாங்கி வைத்த லேப்காரம்மாவின் நம்பரை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார் என்பது உண்மை. பார்த்துவிட்டு, சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ‘அது வந்து, லிஸ்ட்ல நாங்க...’ என்பதற்கு மேல் ஓடவில்லை. மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் பென்சில் கோடு போட்டாலும் அந்த வாக்கியம் ஓடாது போலிருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஆக்டிவிட்டி மேடத்தின் மேஜை முன்னால் நின்று, பத்தாவது வரியில் தன் பெயரை அடித்துவிட்டு லேப்காரம்மா மகளின் பெயரை எழுதினார். அடித்தலுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அங்கேயே நின்று யோசித்து, ‘தொண்டை சரியில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். மதியத்துக்குள் அது ஒன்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. குரூப்பில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். லேப்காரம்மாவுக்கும் அதைப் படிக்கக் கொடுத்துவைத்திருந்தது. அவரையும் அன்று காலையில்தான் சேர்த்திருந்தார்கள்.

மொழி மாலையன்று பிள்ளைகள் முதல் தடவையாக எட்டு நிமிடமும் நடித்தார்கள். தமிழ் நாடகத்துக்கு முடிவு என்று ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் பெற்றோருக்குத் தெரிந்தது. வரிசையின் கடைசியில் நின்ற பெண், “இது எதுக்கான வரிசைன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். கேட்டாள். கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. தமிழ் தெரியாதவர்கள்கூட எதற்கோ சிரித்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஆக்டிவிட்டி மேடம் பச்சை ஃபைலின் மேல் வைத்தே அவள் கார்டில் சீல் குத்தினார். மை காயும் வரை அவள் கார்டை ஊதிக்கொண்டே நின்றாள்.

மைக் அக்காவுக்குத்தான் அன்று சோதனை. முன் வரிசையில் ஒருவர், “முன்னுரை இல்லாததும் நல்லாத்தான் இருக்கு” என்றார். காபி குடிக்கிற இடத்தில் நாற்பத்திரண்டு தேசத்தில் பாதிப் பேர் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தார்.

அப்போது லேப்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஃபிளாஸ்கோடு வந்தார். “மேடம், வெந்நீர். உப்புப் போட்டிருக்கேன். நல்லாக் கொப்புளிங்க, சரியாயிடும்.”

மைக் அக்கா மறந்துபோய் வாயைத் திறந்துவிட்டார். “எந்த உப்பு?”

குரல் கணீரென்று இருந்தது. லேப்காரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“சமையல் உப்புதான் மேடம். பயப்படாம கொப்புளிங்க” என்று மூடியைத் திறந்து ஊற்றினார்.

மைக் அக்கா அதை வாங்கிக்கொண்டு, கை கழுவுகிற இடத்துக்குப் போய், ஒரு குறையும் இல்லாத தொண்டையை மூன்று முறை கொப்புளித்தார்.